எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு கசந்துவிட்டது: பிழை காயிலா, சமையலிலா?

புதுஅடுப்பு, கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களுக்கு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு மிகவும் பிடிக்கும் என்பதால், அதை நானே வைத்துப் பரிமாற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நல்லெண்ணெயில் காயை வதக்கி, நிலக்கடலை, எள், கொத்தமல்லி விதை, காய்ந்த மிளகாய், சிறிது வெந்தயம் ஆகியவற்றை வறுத்து அரைத்துச் சேர்த்து, புளி கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை கொதிக்க வைத்தேன். மணமும் நிறமும் நன்றாகவே இருந்தன. ஆனால் வாயில் வைத்தால் கசந்தது. மாமியார் ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். தட்டின் ஓரத்தில் காய்களை எல்லாம் ஒதுக்கி வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

காய்களைச் செவ்வாய்க்கிழமை உழவர் சந்தையில் வாங்கினேன். 'உஜாலா கத்தரி' என்று சொல்லிக் கொடுத்த ஊதா நிறக் காய்கள். ஒரு கிலோவில் பாதி நடுத்தரமாகவும் பாதி சற்றுப் பெரியவையாகவும் இருந்தன. ஞாயிறு வரை குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். என் ஐயங்கள் இவைதான். விதை நிறைந்த காய்தான் கசக்குமா? காயின் அடிப்பக்கக் குழியைப் பார்த்து ஆண் காய், பெண் காய் என்று பிரித்து, விதை குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு காணொளியில் கண்டேன், அது உண்மையா? நறுக்கிய காயை உப்பு நீரிலோ அரிசி களைந்த நீரிலோ ஊற வைத்தால் கசப்பு நீங்கிவிடுமா? பொறுமையாக விளக்கிச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முள்ளுக்கத்தரி, வேலூர்

வருத்தப்பட வேண்டாம் அம்மா. நாற்பது ஆண்டுகளாகச் சமைக்கிற என் கையிலும் கத்தரிக்காய் கசந்திருக்கிறது. முதலில் ஒன்றைக் கேட்கிறேன்: கசந்தது காயா, குழம்பா? குழம்பை மட்டும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டபோதும் கசந்தது என்றால், காயின் மீது பழி போட முடியாது. வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டிச் சிவந்துவிட்டாலும், எள் அடிச்சட்டியில் தங்கிக் கருகினாலும், குழம்பு முழுவதும் கசந்துபோகும். எள் மிக விரைவில் கருகக்கூடியது. அதைக் கடலையோடு சேர்த்து வறுக்கக் கூடாது, சட்டி சூடாக இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசியாகப் போட்டு, படபடவென்று வெடித்து ஓய்ந்ததும் எடுத்துவிட வேண்டும். உங்கள் மாமியார் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் காயை மட்டும் ஒதுக்கியிருக்கிறார் என்பதால், பெரும்பாலும் காயில்தான் குறை இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

காய் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது காம்பைத்தான். காம்பும், காயின் தலையில் குல்லாய் கவிழ்த்தது போல் இருக்கும் அந்தப் பச்சைப் பகுதியும் பசுமையாக, ஈரப்பிடிப்போடு, காயை இறுகப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். பழுப்பேறிச் சுருங்கி, விளிம்பு மேலே தூக்கிக்கொண்டிருந்தால் அந்தக் காய் செடியை விட்டுப் பல நாட்கள் ஆகிவிட்டன என்று பொருள். எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு இலையிலும் தண்டிலும் அந்தக் குல்லாயிலும்கூட முள் இருக்கும். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற காய் அது. பறித்த அன்று அந்த முள் விரலில் நறுக்கென்று குத்தும். இரண்டு மூன்று நாள் ஆனால் வளைந்து கொடுக்கும். சந்தையில் முள் குத்துகிறதா என்று பார்த்துத்தான் எங்கள் வீட்டில் வாங்குவோம்.

அடுத்தது பளபளப்பு. இளங்காயின் தோல் எண்ணெய் தடவியது போல் மினுங்கும். முற்ற முற்ற மினுக்கம் மங்கி, ஊதாக் காயில் செம்பழுப்பும், பச்சை, வெள்ளைக் காய்களில் மஞ்சளும் தட்டும். மஞ்சள் தட்டிய கத்தரிக்காயை விலை குறைவு என்பதற்காக வாங்கவே கூடாது. பிறகு கட்டைவிரலால் காயின் நடுவில் மெல்ல அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்ததும் பள்ளம் உடனே மேலெழும்பினால் இளங்காய். பள்ளம் அப்படியே நின்றால் வாடியது. அழுத்தவே முடியாமல் கட்டை போல் இருந்தால் உள்ளே விதை திரண்டுவிட்டது.

குழம்புக்கு என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய காய்களை மட்டுமே எடுங்கள். பெரிய காயையும் சிறிய காயையும் கலந்து வாங்கினால், வேகும் நேரம் மாறுபட்டுச் சிறியது குழைந்துவிடும், பெரியது நடுவில் வேகாமல் நிற்கும். காம்போடு நான்காக வகிரும்போது ஒவ்வொரு காயையும் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். சொத்தை விழுந்த காயில் புழு குடைந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பயன்படுத்துபவர்கள் உண்டு. நான் அந்தக் காயையே எறிந்துவிடுவேன். ஒரு சொத்தைக் காய் ஒரு சட்டிக் குழம்பைக் கெடுத்துவிடும்.

கமலைக்கிணறு, திண்டுக்கல் மாவட்டம்

வணக்கம் சகோதரி. நான் முக்கால் ஏக்கரில் கத்தரி பயிரிடுகிறேன். கசப்பு சமையலறையில் பிறப்பதில்லை, தோட்டத்திலேயே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது என்பதை விளக்கவே எழுதுகிறேன்.

நாற்றை நட்டு ஏறக்குறைய 55 முதல் 60 நாட்களில் முதல் பறிப்பு வரும். அதன் பிறகு நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய் முழு அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும், ஆனால் விதை கெட்டிப்பட்டிருக்கக் கூடாது. அந்த இடைவெளி சில நாட்கள்தான். சந்தையில் விலை விழுந்து, பறிகூலி கூடக் கட்டாது என்ற நிலை வந்தால், ஒரு பறிப்பைத் தள்ளிப்போடுகிறோம். அடுத்த முறை பறிக்கும்போது இளங்காயும் முற்றல் காயும் ஒரே சாக்கில்தான் போகும். 'கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும்' என்ற பழமொழி எங்களுக்குப் பழமொழியாகத் தோன்றுவதில்லை. நீங்கள் சொன்ன ஒரு கிலோவில் பெரிய காய்கள் பாதி இருந்தன என்றால், அவை அப்படிப்பட்ட பறிப்பில் வந்தவையாக இருக்கலாம்.

தண்ணீரும் முக்கியம். சித்திரை, வைகாசி வெயிலில் பாய்ச்சல் தவறிப்போய்ச் செடி வாடி நின்றால், அந்த வாரத்துக் காய் அளவில் சிறியதாக இருந்தாலும் கசக்கும், தோலும் தடிக்கும். ஆகவே சிறிய காய் என்றாலே இளங்காய் என்று நினைத்துவிட வேண்டாம். மினுக்கத்தையும் காம்பையும் சேர்த்தே பாருங்கள். ஊதாக் காயில் நான் பார்க்கும் இன்னோர் அடையாளமும் உண்டு. குல்லாயின் விளிம்பை ஒட்டித் தோலில் வெளிர்ந்த வளையம் ஒன்று தெரியும். வெயில் பட்டால்தான் தோலில் நிறம் ஏறும் என்பதால், குல்லாய்க்கு அடியிலிருந்து புதிதாக வளர்ந்து வெளியே வரும் பகுதி வெளிர்ந்து இருக்கும். அந்த வளையம் அகலமாக இருந்தால், பறிக்கும் நாள் வரை காய் விறுவிறுவென்று வளர்ந்துகொண்டிருந்தது என்று அறியலாம்.

ஆண் காய், பெண் காய் என்பது முற்றிலும் தவறான செய்தி. அதை நம்பி யாரும் காய் பொறுக்க வேண்டாம். கத்தரிப் பூ ஒவ்வொன்றிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. பூக்களுக்குள் வேறுபாடு என்று பார்த்தால், சூல்தண்டு நீண்ட பூக்கள் காயாகும், குட்டையானவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும், அவ்வளவுதான். காய்க்குப் பால் கிடையாது. அடிக்குழி வட்டமாக இருப்பதும் கோடு போல் இருப்பதும் இரகத்தையும் வளர்ந்த விதத்தையும் பொறுத்தது.

எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். கனமான காயே புதியது என்பது ஒரு கட்சி. இலேசான காயில்தான் விதை குறைவு என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. தோல் விறைப்பாக மினுங்கிக்கொண்டு, அளவுக்கு இலேசாக இருக்கும் பெரிய காயில் சதை பஞ்சு போல் இருக்கும், விதை திரண்டிருக்காது. சுட்டுக் கொத்சு செய்ய அதுவே ஏற்றது. தோல் சுருங்கி இலேசாக இருந்தால் நீர் வற்றிப்போன பழைய காய். எனவே எடையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், தோலைப் பார்த்த பிறகு எடையைப் பாருங்கள்.

சொத்தையைக் கண்டுபிடிக்க ஒரு வார்த்தை. காய்த்துளைப்பான் புழு பெரும்பாலும் குல்லாயின் விளிம்புக்கு அருகில் ஊசி நுழைவது போன்ற துளையிட்டு உள்ளே போகும். துளையைத் தன் கழிவாலேயே அடைத்துவிடும். அங்கே சிறிய பழுப்புப் புள்ளி இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பெரிய திறந்த துளை தெரிகிறது என்றால் புழு வளர்ந்து வெளியேறிவிட்டது, உள்ளே முழுவதும் குடைந்திருக்கும்.

சோதனைக்குழாய், திருச்சிராப்பள்ளி

பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள் என்பதால், ஊற வைப்பதைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கத்தரிக்காயின் கசப்புக்கு முதன்மையான காரணம், அதன் குடும்பத் தாவரங்களுக்கே உரிய ஆல்கலாய்டு வகைச் சேர்மங்கள். சொலசோனின், சொலமார்ஜின் என்பவை கத்தரியில் இருப்பவை. காட்டுக் கத்தரி இனங்களில் இவை மிகுதியாக இருக்கும். நாம் உண்ணும் இரகங்களில், தலைமுறை தலைமுறையாக உழவர்கள் கசப்புக் குறைந்த செடியின் விதையையே எடுத்து வைத்ததால், குறைந்துவிட்டன. இந்தச் சேர்மங்கள் சமையல் சூட்டில் எளிதில் சிதைவதில்லை. எனவே கசந்த காயை இன்னும் அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் கசப்புப் போய்விடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் உப்பு என்ன செய்கிறது? இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, உப்பு நம் நாக்கில் கசப்பு உணர்வை அடக்குகிறது. காயில் கசப்பு இருக்கும்போதே அது நமக்குக் குறைவாகத் தெரிகிறது. மற்றொன்று, கத்தரிக்காயின் சதை காற்றறைகள் நிறைந்த பஞ்சு போன்றது. உப்பு அதிலிருந்து நீரை இழுத்து வெளியேற்றும்போது அந்த அறைகள் அமுங்கிவிடுகின்றன. பிறகு எண்ணெயில் இட்டால் எண்ணெயை அவ்வளவாகக் குடிப்பதில்லை. அரைக் கிலோ காய்க்கு ஒரு தேக்கரண்டி உப்பைப் பிசிறி அரை மணி நேரம் வைத்து, ஊறி வந்த நீரைப் பிழிந்து, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். குழம்பில் அந்த அளவுக்கு உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வதக்கலுக்கும் வறுவலுக்கும் இது நல்ல முறை. முற்றிய காயை இளங்காயாக மாற்றும் முறை அன்று.

ஊற வைத்த நீர் பழுப்பாக மாறுவதைப் பார்த்து, கசப்புத்தான் வெளியேறுகிறது என்று பலர் மகிழ்வதைக் கண்டிருக்கிறேன். அந்த நிறத்துக்கும் கசப்பு ஆல்கலாய்டுகளுக்கும் தொடர்பில்லை. கத்தரியின் சதையில் குளோரோஜெனிக் அமிலம் என்ற பொருள் நிறைய இருக்கிறது. நறுக்கியவுடன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு, காயிலேயே உள்ள நொதியின் துணையால் அது வினைபுரிந்து பழுப்பு நிறம் தருகிறது. இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் இரும்போடும் சேர்ந்து இன்னும் கறுக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தியில் நறுக்கினால் அந்தக் கறுப்புக் குறையும். நீரில் மூழ்கியிருக்கும் வரை காற்றுப் படாது என்பதால் நிறம் மாறுவது தாமதமாகிறது. அந்த நீரில் சிறிது மோரோ புளியோ கலந்தால் புளிப்பினால் நொதியின் வேகம் தணியும். அரிசி களைந்த நீரும் காற்றைத் தடுக்கிற அளவில் உதவுகிறது. ஆக, நீரில் போடுவது காயின் நிறத்துக்காக; அதற்குப் பத்து நிமிடம் போதும், ஒரு மணி நேரம் ஊறினால் காய் நீர் கோத்துச் சப்பென்று ஆகிவிடும்.

இன்னொன்று, இதுவே உங்கள் வீட்டில் நடந்திருக்கும் என்று எண்ணுகிறேன். கத்தரி வெப்பப் பகுதிச் செடி. அதன் காய் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே சில நாட்கள் இருந்தால் குளிரால் கெடுகிறது. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் 4 அல்லது 5 டிகிரிதான் இருக்கும். முதலில் தோலில் சிறு பள்ளங்கள் விழும், குல்லாய் கறுக்கும், உள்ளே விதையும் சதையும் பழுப்பேறும். ஐந்து நாள் என்பது அதற்குப் போதுமான காலம். மீதிக் காய் இருந்தால் ஒன்றை வெட்டி விதையின் நிறத்தைப் பாருங்கள்.

கத்தரிக்காய் உண்டால் சிலருக்கு வாயும் நாக்கும் அரிக்கும். அதைக் கசப்போடு சேர்த்து எண்ணக் கூடாது. உப்பிட்டு ஊற வைத்துத் தீர்க்கக்கூடியதும் அன்று. அப்படிப்பட்டவர்கள் காயைத் தவிர்த்து மருத்துவரைக் கேட்பதே முறை.

பனங்கூடல், யாழ்ப்பாணம்

தங்கச்சிக்கு வணக்கம். எங்கள் ஊரில் 'திருநெல்வேலி ஊதா' என்று ஓர் இரகம் உண்டு. தமிழ்நாட்டுத் திருநெல்வேலி அன்று, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. கத்தரிக்காயைப் பொரித்துப் பாற்கறி வைப்பது இங்கே வழக்கம், அந்த முறையில் கசப்பு மிகவும் குறைவாகவே தெரிகிறது என்பதால் எழுதுகிறேன். காயை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டிக் கால் மணி நேரம் வைத்து, பிழிந்து, நன்கு காய்ந்த எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து எடுக்க வேண்டும். எண்ணெய் காயாமல் போட்டால் துண்டுகள் எண்ணெயைக் குடித்துத் துவண்டுவிடும். பிறகு வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி (பூண்டு), கறித்தூள் சேர்த்த குழம்பில் பொரித்த துண்டுகளை இட்டு, தேங்காயின் முதற்பாலை விட்டு ஒரு கொதியில் இறக்கி, இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) விட வேண்டும். தேங்காய்ப் பாலின் கொழுப்பும் இனிப்பும் கசப்பை நாக்கில் படவிடாமல் தாங்கிக்கொள்கின்றன. சற்று விதை வைத்த காய் கைக்கு வந்துவிட்டால் குழம்பாக வைக்காமல் இப்படிச் செய்துவிடுங்கள். வெட்டும்போதே விதை திரண்ட நடுப்பகுதியை வழித்து நீக்கிவிடுவதும் நல்லது.

புதுஅடுப்பு, கோயம்புத்தூர்

நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. வேலூர் அம்மா கேட்டபடி மீதமிருந்த குழம்பை மட்டும் தனியே சுவைத்தேன். இலேசான கசப்புத்தான், காயில்தான் மிகுதி. பெட்டியில் நான்கு காய்கள் மிச்சமிருந்தன. ஆசிரியை சொன்னபடி ஒன்றை வெட்டிப் பார்த்தபோது விதைகள் கரும்பழுப்பாக இருந்தன, குல்லாய்க்கு அடியில் சதை நொய்ந்து போயிருந்தது. வெளித்தோலில் பார்த்தால் ஓரிரு பள்ளங்களைத் தவிர எதுவும் தெரியவில்லை.

இன்று காலையில் சந்தைக்குச் சென்று, காம்பையும் மினுக்கத்தையும் வெளிர் வளையத்தையும் பார்த்து அரைக் கிலோ சிறிய காய்கள் எடுத்து வந்தேன். பாதியை உப்பிட்டும் பாதியை உப்பிடாமலும் தனித்தனியே வதக்கினேன். இரண்டும் கசக்கவில்லை. உப்பிட்ட பங்குக்கு எண்ணெய் மட்டும் குறைவாகப் பிடித்தது. பழைய காய்களில் ஒன்றையும் உப்பிட்டு வதக்கிப் பார்த்தேன். கசப்புச் சற்றே அடங்கியது, ஆனால் விழுங்கும்போது தொண்டையில் நின்றது. இன்னும் இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. காயை அன்றன்றே வாங்க முடியாதவர்கள் எப்படி வைத்துக்கொள்வது? குழம்பில் இருந்த அந்த இலேசான கசப்பு வெந்தயத்தால் வந்ததா?

முள்ளுக்கத்தரி, வேலூர்

இரண்டு பங்காகப் பிரித்து வதக்கிப் பார்த்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது அம்மா. இரண்டு நாளைக்கு மேல் கத்தரிக்காய் வாங்கி வைக்க வேண்டாம். அதுவரை, ஈரமில்லாத துணிப்பையில் போட்டு, அடுப்பின் வெக்கை படாத சமையலறை மூலையில் வைத்தால் போதும்; வெயில் காலத்தில் பையின் மீது நனைத்துப் பிழிந்த துணியைப் போர்த்திவிடுங்கள். வாழைப்பழத்துக்கும் தக்காளிக்கும் பக்கத்தில் வைத்தால் விரைவில் வாடும். ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு வெள்ளிக்கிழமை மாலைக்கு முன் வாங்குவதில் பயனில்லை.

குழம்பின் கசப்பில் காயிலிருந்து இறங்கியதும் கொஞ்சம் இருக்கும். ஆயினும் வெந்தயத்தைச் 'சிறிது' என்று எழுதியிருக்கிறீர்கள். அரைக் கிலோ காய்க்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் அதுவே தெரியத் தொடங்கும். நான் வெந்தயத்தை அரைப்பதில்லை. தாளிக்கும்போது எண்ணெயில் பத்துப் பன்னிரண்டு மணிகளைப் போட்டு, நிறம் மாறத் தொடங்கியவுடன் சின்ன வெங்காயத்தைச் சேர்த்துவிடுவேன், வெங்காயத்தின் ஈரம் அது கருகாமல் பார்த்துக்கொள்ளும். இறக்குவதற்கு முன் நெல்லிக்காய் அளவு வெல்லம் சேர்ப்பதும் எங்கள் வழக்கம். மீதமுள்ள அந்தக் குழம்பில் காய்களை எடுத்துவிட்டு, வெல்லம் சேர்த்து, வதக்கிய சின்ன வெங்காயத்தைப் போட்டு ஒரு கொதி விடுங்கள். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும். பெட்டியில் மிஞ்சிய காய்களை மட்டும் எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.